ஹரிக்கேனுக்குச் சிவப்புச் சீட்டு

உட்காருங்க. இந்த பேக்கரியிலயே பேசிக்கலாம், கம்பெனிக்குள்ள வெளியாளை விட மாட்டாங்க. எனக்குச் சாப்பாட்டு நேரம் முக்கால் மணி. சங்கு ஊதற வரைக்கும் நான் உங்க ஆளு. டீ சொல்லிட்டேன்.

திருமூர்த்தியைப் பத்தித்தானே விசாரிக்க வந்திருக்கறீங்க. பொண்ணுக்குத் தாய்மாமன் நீங்க. தாராபுரத்துல பஸ் ஏறி இந்த வெயில்ல கோயமுத்தூர் கணபதி வரைக்கும் வந்திருக்கறீங்க. உங்களைப் பூசி மெழுகி அனுப்பறது எனக்குப் பழக்கமில்லை. என் பேரு தெய்வசிகாமணி. பத்தொம்பது வருசமா இந்தக் கம்பெனியில குவாலிட்டி செக்கிங். ஒரு மோட்டார் கேட்டைத் தாண்டணும்னா நான் பச்சைச் சீட்டு ஒட்டணும். சிவப்புச் சீட்டு ஒட்டிட்டேன்னா முதலாளியே வந்து நின்னாலும் வண்டியில ஏறாது. அதனால எதைப் பாத்தாலும் பலம் என்ன, பலவீனம் என்னன்னு பிரிச்சுப் பாக்கறது எனக்குக் கைப்பழக்கமாயிருச்சுங்க. மோட்டாரா இருந்தா என்ன, மனுசனா இருந்தா என்ன. என் வீட்டுக்காரி வெக்கற ரசத்துக்கே நான் ரிப்போர்ட் குடுப்பேன். இப்பக் கொஞ்ச நாளா அவ ரசம் வெக்கறதில்லை.

பழக்கவழக்கமா? குடி இல்லை, சிகரெட் இல்லை. அதை எவன் வேணும்னாலும் சொல்லுவான். நிச்சயம் பண்ணின பொண்ணை வேண்டாம்னு நிறுத்துனானாமே, அது நிசமான்னு கேக்கறீங்க. நிசந்தான். அதுக்கும் வர்றேன். மொதல்ல ஆளு எப்படின்னு தெரிஞ்சுக்கணுமில்ல. ஒருத்தன் குணம் தெரியணும்னா அவன்கூடச் சண்டைக்குப் போகணும். நான் போயிருக்கறேன். மூணு மாசம்.

சிரிக்காதீங்க. விமானச் சண்டைங்க, கம்ப்யூட்டர்ல. என் பசங்க ரெண்டு பேரும் ஹாஸ்டலுக்குப் போனதுக்கப்புறம் அந்தக் கம்ப்யூட்டர் துணி போத்திக் கிடந்துச்சு. அதுல இந்த விளையாட்டு இருந்துச்சு. ரெண்டாம் உலகப் போர்ல பறந்த விமானம் அத்தனையும் உள்ள நிக்குது. எந்த நாட்டு விமானத்தை எவன் வேணும்னாலும் எடுத்துக்கலாம். பறக்கலாம், சுடலாம், விழலாம். கம்பெனியில எட்டுப் பேர் சேந்தோம். பொழுதோட ஏழு மணிக்கு அவனவன் வீட்ல உட்கார்ந்து, காதுல மாட்டிக்கிட்டு, ஒருத்தனுக்கொருத்தன் பேசிக்கிட்டே பறப்போம். ரெண்டு ரெண்டு பேரா ஜோடி. என் ஜோடி திருமூர்த்தி.

மத்தவனுகளுக்கு விமானத்தைத் தேர்ந்தெடுக்கவே தெரியாது. மூக்குல சுறா வாய் வரைஞ்சிருந்தாப் போதும், எடுத்துக்குவானுக. நான் அப்படியில்லை. ஒவ்வொண்ணையும் பத்து ஆட்டம் ஓட்டிப் பாத்து, மோட்டாருக்கு எழுதற அதே படிவத்துல எழுதுவேன். பலம், பலவீனம், எத்தனை தடவை சோதிச்சது, முடிவு. அதை அப்படியே படிச்சு குரூப்புல வாய்ஸ் மெசேஜ் போடுவேன். பதினேழு நிமிஷம் வரும், சிலது இருபத்திரண்டு. போட்ட அரை நிமிஷத்துலயே எல்லாரும் கட்டை விரலைத் தூக்கிக் காட்டுவானுக. அவ்வளவு ஆர்வமாக் கேப்பானுக.

நான் எடுத்தது ஜீரோ. ஜப்பான்காரனோடது. என் வீட்டுக்காரிகூட, "பேரே உங்களுக்குப் பொருத்தமா இருக்குது"ன்னு சொன்னா. அவ பாராட்டறது அபூர்வம்.

ஜீரோவோட பலத்தைக் கேளுங்க. எடை கம்மி. அதனால சந்துக்குள்ள ஆட்டோ திரும்பற மாதிரி இருந்த இடத்துலயே திரும்பும். ஏத்தம் நல்லா ஏறும். ரொம்ப தூரம் போகும். பலவீனம்னு ஊரெல்லாம் சொல்றது மூணு. வேகம் கூடுனா விமானத்தைத் திருப்பற ஸ்டிக் இறுகிப் போகும், அசைக்க முடியாது. ஓட்டறவன் முதுகுக்குப் பின்னாடி இரும்புத் தகடு கிடையாது. பெட்ரோல் தொட்டிக்கும் பாதுகாப்பு கிடையாது. எடையைக் குறைக்கறதுக்காக அதையெல்லாம் விட்டுட்டாங்களாம். பின்னாடியிருந்து நாலு குண்டு பட்டாப் போதும், தீக்குச்சி மாதிரி பத்திக்கும்னு சொல்லுவாங்க.

ஊரு சொல்றதை நம்பறவன் செக்கிங்ல இருக்க முடியுங்களா? சோதிச்சேன். நாப்பத்தோரு ஆட்டம். ஒரு ஆட்டத்துலகூட எனக்குத் தீப்பிடிக்கலை. தீ என்ன தீ, பின்பக்கம் ஒரு கீறல் இல்லை. பேனாவை எடுத்து அந்த வரியை அடிச்சேன். 'பின்புறத் தாக்குதல்: பாதிப்பு இல்லை. வதந்தி'ன்னு எழுதினேன்.

இப்ப உங்க மாப்பிள்ளை எடுத்ததைச் சொல்றேன். ஹரிக்கேன். வெள்ளைக்காரனோட பழைய சாமான். முன்பாதிதான் தகடு, பின்பாதி மரச்சட்டத்துல துணி. துணிங்க, நம்ம வேட்டி சட்டைத் துணி மாதிரி. வேகம் பத்தாது. ஏத்தத்துல திணறும். மூக்கைச் சட்டுனு கீழ அமுக்குனா இன்ஜின் இருமும். பலம்னு பாத்தா, சுடறப்ப ஆடாம நிக்கும். குண்டு பட்டாலும் துணியில ஓட்டை போட்டுக்கிட்டு அந்தப் பக்கம் போயிரும், விமானம் விழாம வீடு வந்து சேரும். அதெல்லாம் ஒரு பலமுங்களா? வீடு வந்து சேர்றதுக்கு டவுன் பஸ் போதாதா?

அந்த நாப்பத்தோரு ஆட்டத்துல நான் விழத்தட்டினது அறுபத்தெட்டு. அவன் ஒம்பது. ஒவ்வொரு ஆட்டமும் முடிஞ்சு தரையிறங்கறப்பப் பாக்கணும் நீங்க. என் விமானம் ஷோரூம்ல இருந்து எடுத்த மாதிரி இருக்கும். அவனோடது சல்லடை. ஒரே ஆகாயம், ஒரே எதிரி, ஒரே நேரம். ஒண்ணு முழுசா வருது, ஒண்ணு ஓட்டையோட வருது. அப்பக் கோளாறு எங்கன்னு சின்னக் குழந்தையைக் கேட்டாலும் சொல்லிரும்.

பறக்கற லட்சணமும் அப்படித்தான். எப்பப் பாத்தாலும் எனக்குப் பின்னாடி, கொஞ்சம் மேல. முன்னாடி வாடான்னா வர மாட்டான். ஒரு எதிரியைத் துரத்திட்டுப் போவான், கைக்கெட்டற தூரம் வந்ததும் விட்டுட்டு என்கிட்ட ஓடி வந்துருவான். ஒரு நாள் கேட்டேன்.

"ஏண்டா, கிடைச்சதை விட்டுட்டு இங்க வந்து என்ன பண்றே?"

"உங்க பின்னாடி ஒருத்தன் வந்தானுங்ணா."

"எங்க? காணோமே."

"போயிட்டானுங்ணா."

எப்பக் கேட்டாலும் இதே பதில். வந்தானுங்ணா, போயிட்டானுங்ணா. நான் திரும்பிப் பாத்தப்ப ஒரு நாள்கூட எவனும் இருந்ததில்லை. பொய் சொல்றானோன்னுகூட எனக்கு ஒரு சந்தேகம். பொண்ணு குடுக்கறவங்க நீங்க, இதை மனசுல வெச்சுக்குங்க.

பொங்கல் கழிஞ்சு ஒரு போட்டி வந்துச்சு. தமிழ் பேசி விளையாடற ஆளுகளுக்கு மட்டும். மதுரை, சேலம், மலேசியாவுல இருந்துகூட ஒரு ஜோடி. ஞாயித்துக்கிழமை ஞாயித்துக்கிழமை சாயங்காலம் நடக்கும். எல்லா ஜோடியும் ஒரே ஆகாயத்துல மோதணும், விழத்தட்டுன கணக்குக்குப் புள்ளி. மொதல் மூணு வாரமும் நாங்க ஜெயிச்சோம். நாங்கன்னா நான். மூணாவது வாரம் தோத்த சேலத்துக்காரன் வயித்தெரிச்சல் தாங்காம எழுதறான், 'அந்த ஹரிக்கேன் இல்லைன்னா உங்க ஜீரோ ஒரு நிமிஷம் தாங்காது'ன்னு. எல்லாரும் பாக்கற இடத்துல எழுதிட்டான். எனக்கு அன்னிக்குச் சோறு எறங்கலைங்க. ஒரு துணி விமானம் என் பேரைக் கெடுத்துட்டிருக்குதுன்னு அப்பத்தான் உறைச்சுது.

அதே வாரத்துல கம்பெனியிலயும் ஒண்ணு நடந்துச்சு. திருமூர்த்தி ரோட்டார் பேலன்ஸ் பண்ற செக்ஷன். மோட்டாருக்குள்ள சுத்துதே, அதான் ரோட்டார். ஒரு பக்கம் எடை கூடுனா மோட்டார் அதிரும், பேரிங் போயிரும். அன்னிக்கு நாப்பது மோட்டார் அவசரமா வெளிய போகணும். நான் ஜீரோவுக்கு இறுதி ரிப்போர்ட் எழுதிட்டிருந்தேன். ஆனாலும் கடமையை விடலை, நாப்பதுக்கும் பச்சைச் சீட்டு ஒட்டினேன். மறுநாள் காலையில வந்து பாத்தா, பதினொரு மோட்டாரைப் பிரிச்சு, ரோட்டாரை மறுபடி பேலன்ஸ் பண்ணி, மூட்டி வெச்சிருக்கறான். ஷிப்ட் முடிஞ்சும் வீட்டுக்குப் போகாம பண்ணியிருக்கறான். யார்கிட்டயும் ஒரு வார்த்தை சொல்லலை.

என் சீட்டு ஒட்டினதுக்கப்புறம் ஒரு போல்ட்டைத் தொடறதுக்கு எவனுக்கும் அதிகாரம் கிடையாதுங்க. முறைன்னு ஒண்ணு இருக்குதில்ல. மெமோ குடுத்தேன். 'எதுக்குப் பிரிச்சே'ன்னு மேனேஜர் கேட்டாரு. நான் பக்கத்துலதான் நின்னுட்டிருந்தேன். இவன் என்னை ஒரு பார்வை பாத்தான். "என் செக்ஷன்ல சரியாப் பண்ணலையோன்னு எனக்கே சந்தேகமா இருந்துச்சுங்க சார்"ன்னு சொல்லிட்டுக் கையெழுத்துப் போட்டுட்டான். ஒத்துக்கிட்டான், பாத்தீங்களா. அவன் பேர்ல மெமோ இருக்குது. இதையெல்லாம் வேற எவனும் உங்களுக்குச் சொல்ல மாட்டான்.

அந்த மோட்டாருங்களா? நல்லாத்தான் ஓடுச்சு. நாப்பதுல ஒண்ணுக்குக்கூடக் குறை வரலை. அதைத்தான் நானும் சொல்றேன். என் பச்சைச் சீட்டு தப்பாது.

ரெண்டையும் சேத்துப் பாத்தேன். இனி இவன் ஜோடியா வேண்டாம்னு முடிவு பண்ணினேன். சும்மா வேண்டாம்னு சொல்லலாம், ஆனா எனக்கு எதையும் எழுத்துல குடுத்துத்தான் பழக்கம். ஹரிக்கேனுக்கு ஒரு ரிப்போர்ட் போட்டேன். கீழ நிஜமான சிவப்புச் சீட்டையே ஒட்டினேன். 'நிராகரிக்கப்பட்டது'. இதே பேக்கரியில, அந்த மூலை மேசையில, எட்டுப் பேரும் டீ குடிச்சிட்டிருக்கறப்ப அவன் முன்னாடி வெச்சுப் படிச்சேன். எல்லாரும் சிரிச்சானுக. ரெண்டு பேர் மட்டும் சிரிக்காம எந்திரிச்சுப் போயிட்டானுக, நகைச்சுவை உணர்ச்சி இல்லாத ஆளுக.

அவன் பப்ஸ் தின்னுட்டிருந்தான். மிச்சத்தைத் தின்னு முடிச்சு, கையைத் துடைச்சு, முழுசாப் படிச்சான். அத்தனை பேர்ல என் ரிப்போர்ட்டை முழுசாப் படிக்கறவன் அவன் ஒருத்தன்தான், அதைச் சொல்லணும்.

"சரிங்ணா. இனி யாருங்ணா ஜோடி?"

"டிசைன் செக்ஷன்ல கிஷோர். முஸ்டாங் ஓட்டறான். அமெரிக்காக்காரனோடது. வேகம்னா அது வேகம்."

"நல்லா ஓட்டுவானுங்ணா. அப்பப்ப உங்க பின்னாடியும் ஒரு பார்வை பாத்துக்கச் சொல்லுங்க."

அவ்வளவுதான். கோபம் வரலை, சண்டை போடலை. எதுத்து நாலு வார்த்தை கேக்காதவனை என்ன ஆளுன்னு சொல்றது?

நாலாவது வாரம் கிஷோரும் நானும் ஏறினோம். அந்தப் பையன் எதிரியைப் பாத்ததும் என்னைத் தாண்டிப் போனான் பாருங்க, அதுக்கப்புறம் ஆட்டம் முடியற வரைக்கும் அவனை நான் கண்ணால பாக்கலை. நான் ஒருத்தனைத் துரத்தித் திரும்பினேன். பின்னாடி படபடன்னு சத்தம். திரை முழுக்க ஆரஞ்சு நிறம். என்னடா இதுன்னு யோசிக்கறதுக்குள்ள இறக்கை கழண்டு போச்சு. அம்பத்திரண்டு வினாடி. பக்கத்துல என் வீட்டுக்காரி முருங்கைக்கீரை உருவிட்டிருந்தா. "என்னங்க, இன்னிக்கு வெளக்கேத்திட்டீங்க?"ன்னா.

அப்பறம் ஏழு ஆட்டம். ஏழுலயும் தீ. கிஷோர் அங்கங்க விழத்தட்டின கணக்குல தட்டுத் தடுமாறிக் கடைசி ஆட்டத்துக்கு வந்துட்டோம். நாப்பத்தோரு ஆட்டத்துல ஒரு தடவைகூடப் பத்தாத விமானம் திடீர்னு இப்படி ஏன் பத்துது? உட்கார்ந்து யோசிச்சேன். சோதனையில ஒரு சமயத்துல ஒண்ணை மட்டும்தான் மாத்தணும், அது பாலபாடம். விமானம் அதே விமானம். ஓட்டறவன் அதே ஆளு. நேரம் அதே நேரம். மாத்துனது ஜோடியை மட்டும்தான். அப்ப...

அப்ப கேம்காரன்தான் நமக்குத் தெரியாம உள்ள எதையோ மாத்திருக்கறான். வேற வழியே இல்லை. தொட்டியை மெலிசாக்கிட்டான். அவனுகளுக்கு நாலு பக்கம் கடிதம் எழுதினேன், சோதனைக் கணக்கோட. நாலு நாள்ல பதில் வந்துச்சு. உங்க ஆர்வத்துக்கு நன்றி, ஜீரோவுல நாங்க எந்த மாத்தமும் செய்யலை, நல்ல ஜோடியோட விளையாடிப் பாருங்கன்னு. தப்புப் பண்ணினவன் என்னிக்கு ஒத்துக்கிட்டான்?

இதுக்கு நடுவுல சேலத்துக்காரன் திருமூர்த்தியைக் கூப்பிட்டிருக்கறான், எங்க பக்கம் வந்துருன்னு. இவன் போகலை. ஏன் போகலைன்னு எனக்கு இன்னிக்கு வரைக்கும் புரியலை. நானா இருந்தா போயிருப்பேன்.

கடைசி வாரம் கிஷோருக்குக் காய்ச்சல். ஒத்தை ஆளா ஏறினா ஆட்டமே செல்லாது. என்ன பண்றதுன்னு கையைப் பிசைஞ்சிட்டு உட்கார்ந்திருந்தேன். திரையில என் விமானத்துக்குப் பக்கத்துல ஒண்ணு வந்து நின்னுச்சு. ஹரிக்கேன். நான் கூப்பிடலை. அவனும் எதுவும் கேக்கலை. "கிளம்பலாமுங்ணா"ன்னான், அவ்வளவுதான்.

அன்னிக்கு எனக்குத் தீப்பிடிக்கலை. அஞ்சு விமானம் விழத்தட்டினேன். அப்பவே புரிஞ்சுக்கிட்டேன், என் கடிதம் வேலை செஞ்சிருச்சு, கேம்காரன் சத்தமில்லாம தொட்டியைச் சரி பண்ணிட்டான். கடைசி நிமிஷத்துல ரெண்டு பேர் எங்கிருந்தோ வந்தானுகளாம். "வலது பக்கமாத் திரும்பிருங்ணா"ன்னு ஒரு குரல் கேட்டுச்சு. திரும்பினேன். எனக்கும் அவனுகளுக்கும் நடுவுல இவன் வந்து நின்னிருக்கறான். துணி எத்தனை ஓட்டையைத்தான் தாங்கும்? ஹரிக்கேன் விழுந்துச்சு. அதுக்குள்ள ஆட்ட நேரம் முடிஞ்சு போச்சு. நாங்க ரெண்டாம் இடம். நான் முழுசா எறங்கினேன், அவன் விழுந்தான். நான் எழுதுன ரிப்போர்ட் எழுத்துக்கு எழுத்து பலிச்சுது. அவன்கிட்டச் சொல்லலாம்னு பாத்தேன். சொல்லலை. அவன் சிரிச்சிட்டிருந்தான், என்னத்தைச் சொல்றது.

அதுக்கப்புறம் அவன் விளையாட வரலை. அவனா வந்து கேப்பான்னு பாக்கறேன். கேக்க மாட்டேங்கறான்.

இருங்க, அந்த நிச்சயதார்த்தம். மறக்கலை. அதுலயும் இதே கதைதான், அதனாலதான் அதைக் கடைசியா வெச்சேன்.

பொள்ளாச்சிப் பக்கம் பொண்ணு. மண்டபமெல்லாம் பேசியாச்சு. ஒரு நாள் அந்தப் பொண்ணே இவனுக்குப் போன் பண்ணி, தனியாப் பேசணும்னு கோயிலுக்கு வரச் சொல்லுச்சு. என் பைக்லதான் போனோம். நான் வாசல்ல நின்னுக்கிட்டேன். பத்து நிமிஷத்துல வெளிய வந்தான். "அவங்க மனசுல வேற ஒருத்தர் இருக்கறாருங்ணா. வீட்ல தெரிஞ்சா கொன்னே போட்டுருவாங்களாம்"ன்னான். சரி, அப்பங்காரன்கிட்ட விஷயத்தை உடைச்சுச் சொல்லிட்டு, கௌரவமா விலகிக்கன்னேன். நல்ல யோசனைதானே? இவன் என்ன பண்ணினான் தெரியுங்களா. நேரா அவங்க வீட்டுக்குப் போனான். பொண்ணைப் பத்தி மூச்சு விடலை. "எனக்குத்தான் இந்தக் கல்யாணத்துல இஷ்டமில்லை, மன்னிச்சுக்குங்க"ன்னான். அண்ணன்காரன் சட்டையைப் பிடிச்சு அறைஞ்சான். வாங்கிக்கிட்டு நின்னான். நாலு வருசமா ஊரு இவனைப் பேசுது. ஏமாத்துக்காரன்னு ஒருத்தன், உடம்புல ஏதோ குறைன்னு ஒருத்தன். அந்தப் பொண்ணு அந்தப் பையனையே கட்டிக்கிட்டுத் திருப்பூர்ல நல்லா இருக்குது.

யார்கிட்டயும் சொல்ல மாட்டேன்னு இவனுக்குக் கையடிச்சுக் குடுத்திருக்கறேன். இன்னிக்கு வரைக்கும் சொன்னதில்லை. உங்ககிட்ட ஒரு உதாரணத்துக்காகத்தான் சொன்னேன்.

இதைத்தான் பலவீனம்ங்கறேன். ஆமுங்களா இல்லையா? ஏனுங்க, டீயைத் தொடவே இல்லை, ஆடை கட்டிப் போச்சு. வேற சொல்லட்டுங்களா?

போனா? பேசுங்க, பேசுங்க. தங்கச்சியா? நான் கேக்கலை, நீங்க பேசுங்க.

ஞாயித்துக்கிழமை அவன் வீட்டுக்கு நேர்லயே போயிரலாம்னு சொல்றீங்க. பூ வாங்கிட்டுப் போலாம்னும் சொல்றீங்க. அப்ப நான் இவ்வளவு நேரம் சொன்னது? காதுல விழுந்துச்சுங்களா, இல்லையா? மெமோவைப் பத்திச் சொன்னீங்களா தங்கச்சிகிட்ட?

என்ன கேட்டீங்க?

என் வீட்ல பொண்ணு இருந்தா குடுப்பனான்னா... எனக்குப் பொண்ணே இல்லீங்களே. ரெண்டும் பசங்க. இல்லாத பொண்ணுக்கு என்னத்தைச் சொல்றது.

குடுத்திருப்பேனுங்க. அது வேற விஷயம். அதையும் இதையும் போட்டுக் குழப்பிக்காதீங்க.

சங்கு ஊதிருச்சு, நான் கிளம்பணும். பஸ்ஸு இந்தப் பக்கமே வரும், காந்திபுரம் போய் மாறிக்குங்க. ஒரு நிமிஷம். பொண்ணுகிட்ட ஒண்ணு மட்டும் கேட்டுச் சொல்லுங்க. கல்யாணத்துக்கப்புறம் ஞாயித்துக்கிழமை சாயங்காலம் ஒரு மணி நேரம் அவனை விடுமான்னு. நான் கேட்டேன்னு சொல்ல வேண்டாம். பொதுவாக் கேக்கற மாதிரி கேளுங்க.